துலாரி பாய்க்கு மீசை கிடையாது

லெப்பைக்குடிகாட்டில் ஆள் யாரும் வளைகுடாவுக்குப் போகாத வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் போனவர்கள் எல்லாரும் ஆம்பளைகள். அடுத்த வீட்டு அடுப்படியில் வேலை செய்ய விமானம் ஏறின பொம்பளை என்றால், தொண்ணூற்றைந்தாம் வருஷத்தில் அந்தத் தெருவில் ஜைனம்பு ஒருத்திதான். ஊர் சும்மா இருக்குமா? "புருஷன் மவுத்தாகி இத்தா இருந்த நாலு மாசத் துக்கம் முடிஞ்ச கையோட பிளேன் ஏறப் போறாளாமே" என்று முக்காட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். ஜைனம்புக்குக் காது நல்லாக் கேட்கும். "பேசறவங்க வூட்டுச் சோத்துப் பானையில நான் போயி அகப்பைய வுடலியே" என்று நடுத்தெருவில் நின்று ஒரு பதில் சொன்னாள். நாலு வயசு மகள் இஃப்பத்தைத் தங்கச்சி ஃபஹ்மிதாவின் இடுப்பில் ஏற்றி விட்டாள். திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள். திரும்பிப் பார்த்திருந்தால் போயிருக்கவே மாட்டாள், அது வேற விஷயம்.

குவைத்தில் ஒன்பது வருஷம். பதினோரு பேர் இருந்த வீடு, மூன்று அடுக்களை. அந்த வீட்டில் வேலைக்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொண்டது இந்தி. ஜைனம்பு அதைப் பள்ளிக்கூடத்திலா படித்தாள்? கார் டிரைவர் ஒருத்தன், பீகார்க்காரன், வாய் ஓயாமல் பேசுவான். வெங்காயம் உரித்துக்கொண்டே அவன் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டாள். அதில் ஒரு சங்கடம். நமக்கு 'போறான்', 'போறா' என்று அடுத்தவரைச் சொல்லும்போதுதான் ஆண் பெண் வித்தியாசம். இந்திக்காரர்களுக்கு 'நான் போறேன்' என்பதிலேயே உண்டு. ஆண் சொன்னால் ஒரு மாதிரி, பெண் சொன்னால் ஒரு மாதிரி. ஜைனம்பு கற்றுக்கொண்டது முழுக்க அந்த டிரைவர் பேசின ஆம்பளை இந்தி. நடுநடுவே அரபி வார்த்தைகள் வேறு. அதைப் பேசிக்கொண்டு ஒன்பது வருஷம் அவள் ராஜாங்கம் நடத்தியிருக்கிறாள்!

இரண்டாயிரத்து நாலில் திரும்பி வந்தாள். வாசலில் பெட்டியை இறக்கினபோது இஃப்பத்துக்குப் பதிமூன்று வயசு. ஃபஹ்மிதாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சின்னம்மா, இவங்கதானா?" என்று கேட்டாள்.

"நானேதான். சந்தேகமா இருந்தா பாஸ்போர்ட்ட எடுத்துப் பாரு" என்று ஜைனம்பு சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கால் கழுவுகிற சாக்கில் கொல்லைக்குப் போய், குழாயைத் திறந்து விட்டுவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் தேம்பித் தேம்பி அழுதாள். இஃப்பத் நல்ல பிள்ளை. கேட்டதற்குப் பதில் சொல்லுவாள், மரியாதையாக 'வாங்க, போங்க' என்பாள். அந்த மரியாதைதான் ஜைனம்புவுக்குத் தாங்கவில்லை.

சும்மா உட்காருகிற ஜென்மம் இல்லை அவள். இரண்டாயிரத்து ஆறில் ஒருநாள் அரியலூரிலிருந்து செந்துறை போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் மூன்று பெண்களிடம் கத்திக்கொண்டிருந்தான். காலில் தடித்தடியாக வெள்ளிக் காப்பு, கையில் பிள்ளைகள், முகத்தில் திகில். அவர்கள் ஏற வேண்டியது வேறு பஸ். கண்டக்டருக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தெரியாததைச் சத்தம் போட்டுச் சொன்னால் புரிந்துவிடும் என்று அவன் நினைப்பு. ஜைனம்பு எழுந்தாள். "ஏம்ப்பா, அவங்க என்ன செவுடா?" என்று அவனை ஒரு பிடி பிடித்தாள். அந்தப் பெண்களிடம் திரும்பித் தன் ஆம்பளை இந்தியை எடுத்து விட்டாள். மூன்று பேரும் ஒரு நிமிஷம் திகைத்தார்கள். அப்புறம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அவர்கள் சத்தீஸ்கர்க்காரர்கள். செந்துறைப் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமியில் புதிதாக ஒரு சிமெண்ட் ஃபேக்டரி எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே புருஷன் பெண்டாட்டியாகக் கல்லும் கலவையும் சுமக்க வந்தவர்கள். தகரக் கொட்டகையில் நாற்பது குடும்பம் இருந்தது. அதே பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அரியமுத்து என்பவர் எழுந்து வந்தார். அந்தக் குடும்பங்களுக்காக ஒரு உதவி மையம் நடத்துகிற சின்னத் தொண்டு நிறுவனத்துக்காரர். "அம்மா, நாங்க ஆறு மாசமா கைய ஆட்டிக் கால ஆட்டித்தான் அவங்ககிட்டப் பேசிக்கிட்டு இருக்கோம். நாளையிலேருந்து வந்துடுங்களேன்" என்றார்.

மறுநாளே போய்விட்டாள். உதவி மையம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ஒற்றை அறை, ஒரு பெஞ்சு, பிள்ளைகளுக்குச் சத்துமாவு கரைக்க ஒரு அண்டா. ஜைனம்பு வந்த பிறகுதான் அதற்கு வாய் முளைத்தது. எந்தக் கிழமை தடுப்பூசி, எந்த பஸ் எந்த ஊருக்கு, காய்ச்சல் என்றால் யாரைப் பார்ப்பது எல்லாம் அவள் வாயால் போனது. எட்டுப் பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து விட்டாள். 'வடக்கத்தி ஆளுங்க வந்து ஊரே கெட்டுப் போச்சு' என்று பம்பு செட்டில் முணுமுணுத்த பெண்களை நேரே கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போய், சட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, ஓரத்தில் வெங்காயம், பச்சை மிளகாய். "பாத்துக்குங்க. நீங்க காலையில திங்கறதத்தான் அவங்களும் திங்கறாங்க. இதுல எது வடக்கு, எது தெற்கு?" என்றாள். அப்புறம் முணுமுணுப்புக் கொஞ்சம் அடங்கியது.

சத்தீஸ்கர்ப் பெண்களுக்கு எல்லாம் பேருக்குப் பின்னால் ஒரு 'பாய்' உண்டு. சாவித்திரி பாய், புல்மத் பாய் என்று. அவர்கள் ஊரில் அது பெண்ணுக்குக் கொடுக்கிற மரியாதை. அந்த மரியாதையை ஜைனம்புவுக்கும் கொடுத்தார்கள். "ஜைனம்பு பாய்! ஜைனம்பு பாய்!" என்று கொட்டகை முழுக்கக் கூப்பாடு. நம்ம ஊரில் பாய் என்றால் யார்? தொப்பி போட்ட ஆம்பளை. லெப்பைக்குடிகாட்டுக்குச் செய்தி போனபோது தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. "ஆம்பளை மாதிரி பேசுறா, பாய்னு கூப்புடுறாங்க, இனிமே லுங்கி கட்டிட வேண்டியதுதான்" என்று ஃபஹ்மிதாவே சொன்னாள்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருந்தால் நான் ஏன் இவ்வளவு தூரம் சொல்லப் போகிறேன்?

இரண்டாயிரத்து ஏழு, மாசி மாசம். கொட்டகையில் துலாரி பாய் என்ற இருபது வயசுப் பெண்ணுக்கு ஒரு பகல் நேரத்தில் திடீரென்று வலி கண்டது. எட்டு மாசம்கூட முழுசாக ஆகவில்லை. தலைச்சன் பிள்ளை, பெண் குழந்தை, உள்ளங்கை அகலம். தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று அவளைச் செந்துறை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார்கள். குழந்தையை மட்டும் உடனே அரியலூர் டவுனில் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். துணியில் சுற்றிய பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜைனம்பு ஆட்டோவில் ஏறினாள். பக்கத்தில் துலாரியின் புருஷன். பையன் நல்ல உயரம், நல்ல மீசை. அவன் பேர் லட்சுமி பிரசாத். எல்லாரும் கூப்பிடுவது லட்சுமி.

இப்போது புரிகிறதா, எங்கே போய் முட்டப் போகிறது என்று?

ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். சீட்டு எழுதுகிற நர்ஸ் குனிந்த தலை நிமிராமல், "அம்மா அப்பா பேரு?" என்றாள். ஜைனம்புவுக்கு மூச்சு வாங்கியது. கண் முழுக்கக் குழந்தை போன கதவு மேலேயே. "லட்சுமி, துலாரி பாய்" என்றாள். புருஷன் பேரை முதலில் சொன்னாள், அவ்வளவுதான். எழுதுகிற பெண் என்ன கண்டாள்? நிமிர்ந்து பார்த்தால் எதிரே முக்காடு போட்ட ஒரு அம்மா, பக்கத்தில் மீசைக்காரன். பாய் என்றால் அவன்தான், லட்சுமி என்றால் பொம்பளைதான். தாய் லட்சுமி, தகப்பன் துலாரி பாய் என்று இங்கிலீஷில் எழுதிச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டாள். ஜைனம்புவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், அரபி ஓதத் தெரியும். இங்கிலீஷ் தெரியாது. மடித்து லட்சுமியின் சட்டைப் பையில் வைத்தாள்.

மூன்று நாள் போயிற்று. குழந்தைக்குப் பால் பவுடரைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக ஊட்டிப் பார்த்தார்கள். பாதியை வெளியே தள்ளியது. எடை இறங்கியது. "தாய்ப்பால் இன்னிக்கே குடுத்தாகணும். அந்த அம்மா வந்தே ஆகணும்" என்று டாக்டர் ஆள் விட்டுச் சொன்னார். அன்றைக்குத்தான் துலாரி எழுந்து நிற்கத் தொடங்கியிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து ஜைனம்புவோடு பஸ் ஏறினாள். லட்சுமி வேலைக்குப் போயிருந்தான். இன்னும் ஒரு நாள் வராவிட்டால் ஊருக்கே போய்விடு என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தான். சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பினான்.

குழந்தைகள் வார்டு வாசலில் வாட்ச்மேன் பிச்சைமுத்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "சீட்டுல இருக்கற அம்மா மட்டும் உள்ள. பேரு?"

"துலாரி பாய்" என்றாள் ஜைனம்பு.

அவர் சீட்டைப் பார்த்தார், துலாரியைப் பார்த்தார். "அது அப்பா பேரும்மா. அம்மா லட்சுமி எங்க?"

ஜைனம்புவுக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. தலையில் படார் படார் என்று அடித்துக்கொண்டாள். "யா அல்லா! அண்ணே, லட்சுமி ஆம்பளைண்ணே! இவதான் பெத்தவ!"

உள்ளேயிருந்து நர்ஸ் புவனேஸ்வரி வந்தாள். சீட்டு எழுதினவள் வேறு, இவள் பகல் டியூட்டி. கண்டிப்பான ஆள். போன மாசம் ஏதோ ஒரு ஊரில் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பேப்பரில் வந்ததிலிருந்து இன்னும் கண்டிப்பு.

"ஆம்பளைக்கு லட்சுமின்னு பேரா? யாருகிட்டம்மா கத வுடுறீங்க?"

"ஏன் சிஸ்டர், நம்ம ஊர்ல லட்சுமிகாந்தன் இல்லியா, லட்சுமிபதி இல்லியா?"

"அவங்க பேரு லட்சுமிகாந்தன், லட்சுமிபதி. இதுல வெறும் லட்சுமின்னுல்ல இருக்கு. அதுவும் புருஷன் பாயி, பொண்டாட்டி லட்சுமி!"

"அய்யோ, அந்தப் பாய் இல்ல சிஸ்டர். இது அவங்க ஊருப் பாயி. பொம்பளப் பாயி!"

சொன்ன பிறகுதான், தான் சொன்னது எப்படி இருக்கிறது என்று ஜைனம்புவுக்கே தெரிந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். புவனேஸ்வரி சிரிக்கவில்லை. "நான் உங்களத் திட்டலம்மா. தப்பான கையில ஒரு புள்ளையக் குடுத்துட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது? அந்த லட்சுமியக் கூட்டிக்கிட்டு வாங்க. அத்தாட்சியோட வாங்க" என்று கதவைச் சாத்தினாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் ஜைனம்புவுக்கு ஆத்திரமாக வந்தது. திட்டவும் ஆள் இல்லை, தன்னைத் தவிர.

எதிர்க்கடை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள். ஃபேக்டரி ஆபீஸுக்குப் போன் போட்டு, "லட்சுமியக் கூப்புடுங்க, அவசரம்" என்றாள். எடுத்தவன், "லட்சுமின்னு பொம்பள யாரும் இங்க இல்லம்மா" என்று வைத்துவிட்டான். மறுபடி போட்டாள். மறுபடி வைத்துவிட்டான்.

திரும்பி வந்தபோது துலாரி பெஞ்சில் குறுகி உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் பால் கட்டி, ரவிக்கை நனைந்து, அதைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தாள். சண்டையில் ஒரு வார்த்தையும் அவளுக்குப் புரியவில்லை. தன்னை உள்ளே விடவில்லை என்பது மட்டும் புரிந்திருந்தது. ஜைனம்பு நடந்ததை இந்தியில் சொன்னாள். தன் மேல்தான் தப்பு என்பதையும் சொன்னாள். துலாரி கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "மூணு நாளாச்சே. இனிமே என்னை அதுக்கு அடையாளம் தெரியுமா?" அடையாளத்துக்கு அவள் சொன்ன இந்தி வார்த்தை 'பஹ்சான்'.

ஜைனம்புவுக்கு 'உனக்கு மூணு நாள்தானே' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டாள். "அண்ணே, இந்தப் புள்ளையப் பாத்துக்குங்க. ஒரு சோடா வாங்கிக் குடுங்க" என்று பிச்சைமுத்துவிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். நாற்பத்தைந்து வயசில் அப்படி ஒரு ஓட்டம்.

செந்துறை பஸ், அங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோ. ஃபேக்டரி கேட்டில் சூப்பர்வைசர் வழி மறித்தான். நாக்பூர்க்காரன். "இப்போது கான்க்ரீட் ஓடுகிறது, ஆள் விட முடியாது" என்றான். ஜைனம்பு முந்தானையை இழுத்துச் செருகினாள். குவைத் அடுக்களையில் எண்ணெய் கொதிக்கும்போது அந்த டிரைவர் எந்த இந்தியில் சண்டை போடுவானோ, அதே இந்தி. அத்தனையும் ஆம்பளை வாசகம். 'நான் வந்தேன், நான் நிற்பேன், நான் போகமாட்டேன்' என்று ஒரு மீசைக்காரன் மாதிரி அவள் முழங்கினதைக் கேட்டுக் கலவை மிஷினையே நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசருக்குச் சிரிக்கிறதா, பயப்படுகிறதா என்று தெரியவில்லை. லட்சுமியையும் விட்டான், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருடைய போட்டோ ஒட்டின கேட் பாஸையும் எடுத்துக் கொடுத்தான். "மாதாஜி, வேலை முடிந்ததும் அனுப்பிவிடுங்கள்" என்று கும்பிடு வேறு.

இரண்டரை மணிக்கு வார்டு வாசலில் வந்து நின்றார்கள். லட்சுமியின் தலை முதல் கால் வரை சிமெண்ட்.

"லட்சுமி வந்தாச்சாம்மா?" என்று பிச்சைமுத்து எட்டிப் பார்த்தார்.

"இதோ நிக்குதே, ஆறடி லட்சுமி."

புவனேஸ்வரி வந்தாள். கேட் பாஸ் இரண்டையும் வாங்கிப் போட்டோவைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், எழுத்தைப் பார்த்தாள். "லட்சுமி பிரசாத், ஆண். துலாரி பாய், பெண்." வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். எதற்கென்று தெரியாமல் லட்சுமியும் சிரித்தான்.

பிறகு ரிஜிஸ்தரை எடுத்து வந்தாள். அடித்துத் திருத்தினால் கீழே யாராவது காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஜைனம்பு பேனாவை வாங்கி, தமிழில், குண்டு குண்டாக எழுதினாள்: 'தாயின் பெயரையும் தகப்பன் பெயரையும் வரிசை மாற்றிச் சொன்னது நான். பிழை என்னுடையது. துலாரி பாய்தான் பெற்ற தாய். இதற்கு நான் ஜவாப்.' கீழே கையெழுத்தையும் போட்டாள்.

"போங்க, போங்க, கை கழுவிக்கிட்டு உள்ள போங்க" என்று புவனேஸ்வரியே துலாரியைத் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். கதவு ஒருக்களித்து நின்றது. லட்சுமி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். ஜைனம்பு பெஞ்சில் உட்காராமல் நின்றபடியே ஓதிக்கொண்டிருந்தாள். உள்ளே சத்தமே இல்லை. குழந்தை குடிக்கவில்லை என்றால் என்ன செய்வது? பவுடர் பாலுக்குப் பழகிவிட்டிருந்தால்? யார் இவள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அஞ்சு நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. குழந்தை ஒருதரம் வீல் என்று கத்தியது. அப்புறம் கத்தல் நின்றுபோயிற்று. ஜைனம்பு கதவோரம் போய் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து துலாரியின் குரல் கேட்டது. அழுகையும் சிரிப்புமாக இருந்தது.

"ஜைனம்பு பாய்! பஹ்சான் லியா! பஹ்சான் லியா!"

பிச்சைமுத்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என்னம்மா ஆச்சு? என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?"

மொழி மாற்றிச் சொல்வதுதானே ஜைனம்புவின் வேலை? ஒரு வருஷமாக நாற்பது குடும்பத்தின் வாயாக இருந்தவள், ஒரு வார்த்தைக்குக்கூட முழித்ததில்லை. இந்த இரண்டு வார்த்தை ஒரு பெரிய விஷயமா?

"புள்ளைக்கு..." என்று ஆரம்பித்தாள். மறுபடி ஆரம்பித்தாள். "ஒண்ணும் இல்லண்ணே. புள்ளைக்குத் தன்னைப் பெத்தவள..."

அதற்கு மேல் வரவில்லை. வாட்ச்மேனும் லட்சுமியும் வரிசையில் நின்ற அத்தனை சனமும் பார்க்க, நிலைப்படியிலேயே சரிந்து உட்கார்ந்து, மறைக்க ஒரு குழாய்ச் சத்தமும் இல்லாமல் வாய்விட்டு அழுதாள். பிச்சைமுத்து ஒன்றும் புரியாமல், குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போய்க் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். ஓடின வேகத்தில் திரும்பி வந்தார்.

"எதுக்கும்மா அழுவுறீங்க? புள்ள நல்லா குடிக்குது" என்றார்.